வாத்து வேட்டையில் செமி-ஆட்டோ ஷாட்கன் சிக்கினால்: முதலில் இழுக்காதீர்கள், பாருங்கள்

ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் நெல் வயல், அதை ஒட்டிக் குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஓக் காடு. வாத்து மாதிரிக் குரல் கொடுக்கும் உலகப் போட்டியை 1936-லிருந்து நடத்துகிற ஊர் என்றால் அங்கே வாத்துப் பித்து எவ்வளவு என்று புரியும். அந்தக் காட்டில் முட்டிக்கு மேல் தண்ணீரில், ஒரு மரத்தை ஒட்டி நிற்கிறீர்கள். பச்சைத் தலை மல்லார்ட் நாலைந்து கிளைகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு இறங்குகின்றன. முதல் வெடி சரி. இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் ‘டிக்’. வாத்துகள் போயே போய்விட்டன.

என் முதல் சீசனில் இதேதான் நடந்தது. பதறிப்போய் போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் பூட்டுக்கட்டையை, மூன்று தடவை சரக் சரக்கென்று இழுத்தேன். நல்ல தோட்டா இரண்டு தண்ணீருக்குள் போயிற்று. எது சிக்கியது, எங்கே சிக்கியது, காலித் தோட்டா வெளியே வந்ததா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் தடயத்தை எல்லாம் நானே கலைத்துவிட்டேன். அப்புறம் சீசன் முழுக்கத் தோட்டாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி பின்கட்டைக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஸ்பிரிங். முதல் நாளே ஐந்து வினாடி நிதானித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். அந்த ஐந்து வினாடியில் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை வைத்து வீட்டில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வாத்து வேட்டைக்கே இடமில்லை. அமெரிக்காவில் உரிமம் எடுத்து, வாத்து முத்திரை (நீர்ப்பறவை வேட்டைக்கான அனுமதி முத்திரை) வாங்கி முறையாகப் போகிறவர்களுக்கான குறிப்பு இது.

சிக்கிய நொடியில்

முதலில் குழல் வாய் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். பக்கத்தில் நண்பர் நிற்பார், நாய் நிற்கும், படகு இருக்கும். வாயை ஆளில்லாத பக்கம், சற்றே மேல்நோக்கித் திருப்பி, விரலை விசையிலிருந்து எடுத்து, சேஃப்டியைப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், “என் துப்பாக்கி சிக்கிவிட்டது” என்று. வெட்கப்பட வேண்டாம், எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

‘டிக்’ என்று மட்டும் கேட்டதா? அப்படியே வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு முப்பது வினாடி காத்திருங்கள். அபூர்வமாகத்தான், ஆனால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தாமதமாகப் பற்றி வெடிக்கிற தோட்டாக்கள் உண்டு.

‘டப்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று சோப்ளாங்கியாகக் கேட்டதா? அன்றைக்கு அந்தத் துப்பாக்கியால் அடுத்த வெடி வேண்டாம். முழுக்கக் காலி செய்து, குழலைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) குழலின் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துத் திறந்துகொள்ளும். சேறோ பனிக்கட்டியோ குழல் வாயில் ஏறியிருந்தாலும் இதே கதைதான். சேற்றில் கால் இடறி விழுந்தவர்கள் எழுந்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனை.

கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் விட்டம் குறையும். இருபது கேஜ் தோட்டாவும் பன்னிரண்டு கேஜ் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. இருபது கேஜ் சின்னது, பன்னிரண்டு கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் உட்கார்ந்துவிடும். ‘டிக்’ என்றதும் தோட்டாவே ஏறவில்லை என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இருபது கேஜுக்கு மட்டும் மஞ்சள் நிறம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

தோட்டா எங்கே நிற்கிறது?

இப்போது அந்த ஐந்து வினாடி. போல்ட்டைத் தொடாமல், காலித் தோட்டா வெளியேறும் பக்கவாட்டு ஜன்னலைப் பாருங்கள். முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செமி-ஆட்டோ ஒரு வெடிக்கு இத்தனை வேலை செய்கிறது: போல்ட் பூட்டுத் திறந்து பின்னால் போகிறது, போகும்போது எக்ஸ்ட்ராக்டர் என்கிற கொக்கி காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது, அது எஜெக்டர் என்கிற முனையில் மோதி வெளியே பறக்கிறது, சுத்தியல் மறுபடி ஏறி நிற்கிறது, மேகசின் (குழலுக்கு அடியில் உபரித் தோட்டா நிற்கும் குழாய்) வாயில் இருக்கும் தாழ் ஒரு தோட்டாவை மட்டும் விடுகிறது, லிஃப்டர் என்கிற தகடு அதைத் தூக்குகிறது, பின்னால் போன போல்ட்டை ஸ்பிரிங் முன்னால் தள்ள, புதுத் தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏறிப் பூட்டிக்கொள்கிறது. ஒரு வினாடிகூட ஆகாது. இதில் எந்தப் படியில் நின்றது என்பதைத் தோட்டா கிடக்கும் இடமே சொல்லிவிடும்.

காலித் தோட்டா ஜன்னலில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு மாட்டியிருந்தால், பெரும்பாலும் போல்ட் முழு தூரம் பின்னால் போகவில்லை. வெளியேற்றும் வேகம் போதவில்லை. முன்பு சுட்ட காலித் தோட்டாக்கள் உங்கள் காலடியிலேயே சோம்பலாக விழுந்துகொண்டிருந்தனவா என்று யோசித்துப் பாருங்கள், அது முன்னறிவிப்பு. வெடியின் வாயுவால் ஓடும் கேஸ் துப்பாக்கி என்றால் புகைக்கரி, பின்துள்ளலால் ஓடும் இனர்ஷியா என்றால் இலேசான தோட்டா அல்லது பிடித்த விதம், இரண்டுக்கும் பொதுவாக எண்ணெய்ப் பிசுக்கு.

காலித் தோட்டா வெளியே போய்விட்டது, போல்ட் மூடியிருக்கிறது, ஆனால் சேம்பர் காலி. இதுவும் அதே நோய்தான், கொஞ்சம் இலேசான வடிவம். காலியைத் தூக்கி எறிய வேகம் இருந்தது, அடுத்ததை எடுத்து வரும் அளவுக்குப் பின்னால் போகவில்லை. இல்லையென்றால் மேகசின் குழாய்க்குள் தோட்டா சிக்கியிருக்கிறது. விரலால் மேகசின் தோட்டாவை அழுத்திப் பாருங்கள். தாராளமாக உள்ளே போய்த் துள்ளி வந்தால் குழாய் சரி. கல் மாதிரி நின்றால் குழாய்க்குள் அழுக்கு, துருப்பிடித்த ஸ்பிரிங் அல்லது உப்பிய மரக்குச்சி. மரக்குச்சி என்றால்? வாத்து வேட்டையில் துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம் என்று 1935-லிருந்து மத்திய விதி. அதற்காக மேகசினுக்குள் ஒரு அடைப்பு போடுகிறார்கள். மரத்தில் செய்து போட்டவர்களுக்கு அது தண்ணீரில் ஊறி உப்பும். பிளாஸ்டிக் அடைப்பு போடுங்கள். சிக்கலைத் தீர்க்கிறேன் என்று அடைப்பைக் கழற்றி வீசிவிட்டு வேட்டையைத் தொடராதீர்கள், அபராதம் நிச்சயம்.

காலித் தோட்டா சேம்பருக்குள்ளேயே இருக்கிறது, போல்ட் நகரவே இல்லை அல்லது அதை விட்டுவிட்டுத் தான் மட்டும் பின்னால் போய்விட்டது. இது எக்ஸ்ட்ராக்டர் அல்லது சேம்பர் பிரச்சினை. காலித் தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். கொக்கி பிய்த்துக்கொண்டு போன தழும்பு இருந்தால் சேம்பர் அழுக்காக, சொரசொரப்பாக இருக்கிறது. தழும்பே இல்லையென்றால் கொக்கி பிடிக்கவே இல்லை. கொக்கிக்கு அடியில் அழுக்கு சேர்ந்திருக்கும் அல்லது அதன் குட்டி ஸ்பிரிங் செத்திருக்கும்.

புதுத் தோட்டா பாதி ஏறி, போல்ட் சோம்பேறித்தனமாக நடுவழியில் நின்றால், முன்னால் தள்ளும் ஸ்பிரிங்குக்குச் சக்தி இல்லை. அல்லது தோட்டா உப்பியிருக்கிறது. என் பழைய துப்பாக்கியில் பாதி நாள் இதுதான் நடந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

லிஃப்டர் மேல் இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் மேகசின் தாழ் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் குப்பை. களத்தில் எடுக்க: போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, துப்பாக்கியை லேசாகச் சாய்த்து, ஒவ்வொன்றாக வெளியே விழ விடுங்கள். கட்டைவிரலை ஜன்னலுக்குள் விடும்போது போல்ட் நழுவி மூடினால் நகம் போய்விடும், ஒரு தடவை போனால் ஆயுசுக்கும் மறக்காது.

கடைசியாக, தோட்டா சேம்பரில் ஒழுங்காக இருக்கிறது, ‘டிக்’ மட்டும் வந்தது. முப்பது வினாடி கழித்து வெளியே எடுத்து அதன் அடியில் பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி இருந்தால் தோட்டா கெட்டது. மேலோட்டமான குழி என்றால் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் பிசுக்கில் மெதுவாகப் போகிறது. குழியே இல்லையென்றால் போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை. சுழலும் போல்ட் தலை உள்ள இனர்ஷியா துப்பாக்கிகளில் இது பிரபலம். விடிகாலையில் சத்தம் வரக் கூடாதே என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல மூடுவார்கள், அல்லது படகில் ஏறும்போது கைப்பிடி எதிலாவது உரசிக் கொஞ்சம் பின்னால் வந்திருக்கும். பார்க்க மூடின மாதிரியே இருக்கும், மயிரிழை திறந்திருக்கும். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பொத்தானை அழுத்தி போல்ட்டைத் தானாகப் பாய விடுங்கள். அப்புறம் இடம் மாறும்போதெல்லாம் உள்ளங்கையால் கைப்பிடியை முன்னால் ஒரு தட்டு தட்டுங்கள்.

சிக்கிய தோட்டா வரவே மாட்டேன் என்றால் எது காலி, எது வெடிக்காதது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலி என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் மேகசினைக் காலி செய்துவிட்டுக் குழல் வாய் வழியாகக் கம்பி விட்டுத் தள்ளலாம். வெடிக்காத தோட்டா சேம்பரில் இறுகியிருந்தால் கம்பியும் வேண்டாம், கட்டையைத் தரையில் குத்துவதும் வேண்டாம், போல்ட் கைப்பிடியை பூட்ஸால் உதைப்பதும் வேண்டாம். வாயை ஆளில்லாத பக்கம் வைத்தபடியே வேட்டையை நிறுத்திவிட்டு துப்பாக்கி மெக்கானிக்கிடம் பேசுங்கள்.

கேஸா, இனர்ஷியாவா?

உங்கள் துப்பாக்கி எந்த ஜாதி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். குழலின் அடியில் சின்னத் துளைகளும், மேகசின் குழாயைச் சுற்றி பிஸ்டனும் இருந்தால் கேஸ். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகை, இன்றைய பெரெட்டா ஏ400-ம் இதே வகை. ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் இனர்ஷியா, பெனெல்லி வழி. குழாயைச் சுற்றிப் பெரிய ஸ்பிரிங்கும் பித்தளை வளையமும், சுடும்போது குழலே பின்னால் வருவதும் என்றால் ஜான் பிரௌனிங்கின் ஆட்டோ-5 குடும்பம். 1902-லிருந்து வந்தது, தாத்தா துப்பாக்கி. அதில் சிக்கல் என்றால் முதலில் உராய்வு வளையம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கனத்த தோட்டாவுக்கு வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னால், பித்தளைத் துண்டை ஒட்டி இருக்க வேண்டும். இலேசான தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவரை (போல்ட் ஓடும் நடு உடலை) ஒட்டி. மாற்றிப் போட்டால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் துப்பாக்கி தன்னைத்தானே அடித்துக்கொண்டு முன்கட்டையை விரிசல் விடும்.

கேஸ் துப்பாக்கிக்குப் புகைக்கரிதான் எதிரி. துளைகளைப் பைப் கிளீனரால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். டிரில் மெஷின் வைத்துத் துளையைப் பெரிதாக்குகிற வேலை வேண்டவே வேண்டாம், வரும் சக்தி அதிகமாகி உள்ளே எல்லாம் உடையும். பிஸ்டனையும் வளையங்களையும் சால்வென்ட்டும் (கரியைக் கரைக்கும் திரவம்) நைலான் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கரியை எடுத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். 1100 மாதிரித் துப்பாக்கியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும், அது பிய்ந்தால் கேஸ் கசிந்து துப்பாக்கி ஒரே வெடி துப்பாக்கி ஆகிவிடும். பத்து ரூபாய் சாமானுக்கு ஒரு சீசனே வீண். பையில் இரண்டு உபரி வையுங்கள். பிஸ்டன் பாகங்களைத் திசை மாற்றி மாட்டுவது ரொம்ப சாதாரணம், அதனால் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் மேகசின் மூடி. சுடச் சுட அது தளரும், தளர்ந்தால் குழல் ஆடும். களத்தில் இரண்டு தடவையாவது இறுக்கிப் பாருங்கள்.

இனர்ஷியா சுத்தமாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. துப்பாக்கி பின்னால் துள்ள வேண்டும், கனமான போல்ட் மட்டும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் நடுவில் உள்ள குட்டி ஸ்பிரிங் அமுங்கி, விரிந்து, போல்ட்டைத் தள்ளும். துள்ள விடாமல் தடுத்தால் வேலை செய்யாது. மரத்தில் முதுகை ஒட்டி, தோளை இறுக்கிக்கொண்டு சுடுவது, துப்பாக்கியில் டார்ச்சும் தோட்டா வார்ப்பட்டையும் மாட்டிக் கனமாக்குவது, களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் இலேசான ஒரு அவுன்ஸ் தோட்டாவைப் புதுத் துப்பாக்கியில் போடுவது, எல்லாம் சிக்கலுக்கு அழைப்பு. புதுசு என்றால் முதல் நூறு வெடியாவது கனத்த தோட்டாவாகப் போடுங்கள், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று பழக வேண்டும்.

தோட்டாவின் பங்கு

1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கிடையாது, அதனால் பெரும்பாலும் ஸ்டீல் ரவை. மலிவான தோட்டாக்களின் அடி உலோகம் பித்தளை முலாம் பூசிய இரும்புதான். போன வருடம் ஈரமான பையில் விட்டது இந்த வருடம் விளிம்பு துருப்பிடித்து, உப்பி, சேம்பருக்குள் இறுகும். சீசன் முடிந்ததும் பையைக் காலி செய்து தோட்டாக்களைக் காய வையுங்கள். சந்தேகமான தோட்டாவை வீட்டில் வைத்தே கண்டுபிடிக்க நல்ல வழி: குழலைத் துப்பாக்கியிலிருந்து தனியாகக் கழற்றி, வெறும் குழலின் சேம்பருக்குள் ஒவ்வொரு தோட்டாவையும் போட்டுப் பாருங்கள். தானாக விழுந்து, சாய்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வராததை ஒதுக்கிவிடுங்கள்.

நீளம் இன்னொரு பொறி. குழலின் பக்கத்தில் 2¾, 3 அல்லது 3½ அங்குலம் என்று பொறித்திருப்பார்கள். தோட்டா மேல் எழுதியிருக்கும் நீளம் சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். ஆகவே 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குலச் சேம்பருக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பொருந்துகிறதே என்று சுடாதீர்கள். மறுபக்கம், 3½ அங்குலத்துக்குச் செய்த துப்பாக்கி இலேசான 2¾ அங்குலத் தோட்டாவுக்கு முகத்தைச் சுளிக்கலாம். அந்த மாதிரித் துப்பாக்கியில் வேட்டைக்கு 3 அங்குலம், ஒன்றேகால் அவுன்ஸ் எடுத்துப் போய்ப் பாருங்கள், பாதிப் பிரச்சினை காணாமல் போகும்.

எண்ணெய் ஊற்றாதீர்கள்

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், எது சிக்கினாலும் எண்ணெய் விடுவது. தையல் மெஷினுக்குச் சரி. ஆர்கன்சாவில் ஜனவரி காலையில் தண்ணீர் ஓரத்தில் ஐஸ் கட்டும், அந்தக் குளிரில் கெட்டி எண்ணெய் பசை ஆகிவிடும். போல்ட் பசைக்குள் நீந்தும். எண்ணெயில் நெல் உமி, நாணல் பஞ்சு, நாய் முடி, சேறு எல்லாம் ஒட்டும். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் பொது ஸ்பிரேக்கள் காய்ந்து கோந்து மாதிரி ஆகும், ஃபயரிங் பின்னுக்கு அதுதான் யமன். பழைய எண்ணெயைச் சால்வென்ட்டால் முழுக்க எடுத்துவிட்டு, குளிருக்கென்று உள்ள நீர்த்த துப்பாக்கி எண்ணெயை போல்ட் ஓடும் பாதையில் ஒரு சொட்டு வைத்து, துணியால் துடைத்துவிடுங்கள். துடைத்த பிறகு மிச்சம் இருப்பதே போதும்.

இன்னொன்று, குளிரிலிருந்து சூடான அறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அதன் மேலும் உள்ளும் வியர்க்கும். காலையில் அப்படியே வெளியே கொண்டுபோனால் அந்த வியர்வை உறைந்து போல்ட்டைக் கட்டிப்போடும். ஒன்று, பூட்டிய பெட்டியில் குளிரிலேயே பத்திரமாக விட்டுவிடுங்கள், அல்லது உள்ளே கொண்டுவந்தால் கழற்றிக் காய வையுங்கள். பாதி வேலை கெடுதல்.

யாரும் பார்க்காத அந்த ஸ்பிரிங்

போல்ட்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் சில துப்பாக்கிகளில் மேகசின் குழாயைச் சுற்றி இருக்கும், கண்ணில் படும், துடைப்பீர்கள். பல துப்பாக்கிகளில் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். வாத்துக்காரன் துப்பாக்கியை வாய் மேலே பார்க்க மரத்தில் சாய்த்து வைப்பான், மழை பெய்யும், தண்ணீர் நேராக அந்தக் குழாய்க்குள் இறங்கும். வருடக்கணக்கில் யாரும் திறக்க மாட்டார்கள்.

திறக்கும் முறை இது. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பாருங்கள், கண்ணாலும் விரலாலும். பின்பக்க ரப்பர் பட்டையில் பெரும்பாலும் இரண்டு திருகு ஒளிந்திருக்கும், ஸ்குரூ டிரைவர் முனையில் சொட்டு எண்ணெய் தொட்டு உள்ளே விட்டால் ரப்பர் கிழியாது. பட்டை வந்ததும் நீளமான சாக்கெட் ஸ்பேனரால் உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றினால் கட்டை தனியாக வரும். தெரியும் குழாயின் முனையில் ஸ்பிரிங்கை அடைத்துவைத்த மூடியோ பின்னோ இருக்கும். இங்கே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முனையைத் துணியால் பொத்திக்கொண்டு மெல்ல விடுங்கள், அமுங்கிய ஸ்பிரிங் கண்ணைப் பதம் பார்க்கும். என்னுடையதிலிருந்து ஒரு டீஸ்பூன் செம்பழுப்பு நீர்தான் முதலில் வந்தது. ஸ்பிரிங்கையும் குழாயையும் சுத்தம் செய்து, காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். துருக்குழி விழுந்திருந்தால் அல்லது புதுசைவிடக் குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, சீசன் முடிந்த வாரமே.

அதே நாளில் சேம்பரையும் கவனியுங்கள். குழலைத் தனியே எடுத்து, சேம்பர் பிரஷ்ஷில் சால்வென்ட் தொட்டு நன்றாகத் தேய்த்தால் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் படலம் வரும். விசைப் பெட்டியை இரண்டு பின் தட்டி வெளியே எடுத்துக் கழுவலாம், ஆனால் வெளியே இருக்கும்போது விசையை இழுத்துச் சுத்தியலை வெறுமனே பாய விடாதீர்கள்.

களத்துக்கு முன் ஒரு சோதனை

டம்மி தோட்டாவை வைத்து வீட்டில் கையால் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் சுடும் மைதானத்தில், வேட்டைக்குப் போடும் அதே தடித்த கோட்டோடு, வேட்டைக்கு வாங்கிய அதே தோட்டாவோடு, முதலில் ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். காலித் தோட்டா நன்றாகத் தள்ளிப் போய் விழுந்து, போல்ட் பின்னால் நின்றால் சக்தி இருக்கிறது. அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. டி-ஷர்ட்டில் ஓடிய துப்பாக்கி தடித்த கோட்டில் மக்கர் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

பையில் பெரிய கருவிப்பெட்டி வேண்டாம். கம்பி ஒன்று, துணி, பல் துலக்கும் பழைய பிரஷ், விசைப் பெட்டியின் பின்னைத் தட்டி எடுக்க ஒரு பஞ்ச், ஓ-ரிங், சின்ன டார்ச்.

இத்தனையும் செய்தும் சிக்கினால் எக்ஸ்ட்ராக்டர், தாழ், லிஃப்டர் இவற்றை அரம் வைத்து ராவிப் பார்க்கிற வீர விளையாட்டு வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது “சிக்குகிறது” என்று மட்டும் சொன்னால் அவரும் என்ன செய்வார்? சிக்கிய நிலையில் எடுத்த படம், அந்தக் காலித் தோட்டா இரண்டு மூன்று, அதே பெட்டியிலிருந்து சுடாத தோட்டாவின் பெயரும் நீளமும், எத்தனையாவது வெடியில் நின்றது என்பது, இவ்வளவும் கொடுங்கள்.